சின்ன மாஸ்டரின் வலது கால்

இடுப்பில் ஆரம்பித்து, பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலில் சற்று இளைப்பாறிவிட்டு, கட்டைவிரலில் போய் முடியும் அந்த வலிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். வாயு என்றார் ஒருவர். சுளுக்கு என்றார் இன்னொருவர். 'எல்லாம் மனசுதான்' என்றார், தனக்குப் பல்வலி வந்தால் தெருவையே எழுப்பிவிடும் மூன்றாமவர். சயாட்டிகா என்று மருத்துவர்தான் சரியான பெயரைச் சொன்னார். பெயர் தெரிந்துவிட்டால் வலி கூச்சப்பட்டுப் போய்விடும் என்று சின்ன மாஸ்டர் நம்பியிருந்தார். பெயர் கிடைத்ததும் அது இன்னும் உரிமையோடு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

சின்ன மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அண்ணனும் தம்பியுமாக நடத்திய பயிற்சிப் பள்ளி. அண்ணன் பெரிய மாஸ்டர். அவர் இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும், ஐம்பதைத் தாண்டியும், இவர் சின்ன மாஸ்டராகவே இருந்தார். அண்ணன் விட்டுப்போனதில் கீழ்வீடு அண்ணிக்கு வந்தது. பள்ளியும் காலும் தம்பிக்கு வந்தன.

காலும்தான். பெரிய மாஸ்டருக்கும் இதே வலி இருந்தது. ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று எல்லாரையும் விரட்டிவிட்டு, கடைசிப் பத்து வருஷமும் ஒரு காலை இழுத்துக்கொண்டே நடந்தார். ஒரு டக், ஒரு இழுப்பு. ஒரு டக், ஒரு இழுப்பு. தெருமுனையில் அவர் திரும்பும்போதே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது தம்பியும் அதே தாளத்தில் நடந்தார். கடைக்காரர் ஒருநாள் தலைநிமிராமலே, "வாங்க பெரிய மாஸ்டர்" என்று சொல்லிவிட்டார். நிமிர்ந்து பார்த்ததும் சில்லறையைக் கீழே சிந்தினார்.

மாடிப்படியில் அஞ்சாறு படி ஏறினால் அண்ணியின் கதவு; அதைத் தாண்டித்தான் சின்ன மாஸ்டர் குடியிருந்த மேல்வீட்டுக்குப் போக வேண்டும். படிக்கட்டு விளக்கு எரியாமல் போய் மாதங்கள் ஆகியிருந்தன. கீழ்வீட்டார் மாற்றுவார்கள் என்று மேல்வீட்டாரும், மேல்வீட்டார் மாற்றுவார்கள் என்று கீழ்வீட்டாரும் மிகுந்த மரியாதையுடன் காத்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம், கடைசி மாணவரை இறக்கிவிட்டு வந்த சின்ன மாஸ்டர், கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். டக். இழுப்பு. டக்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இன்னிக்கு இவ்வளவு லேட்டு?"

சின்ன மாஸ்டர் அப்படியே நின்றார். அண்ணி அவரைத் 'தம்பி' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. அந்த 'என்னங்க' அவருக்கானது அல்ல. அவருக்குப் பின்னால் படியேறி வரும் யாருக்கோ உரியது. திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை என்பது ஒரு காரணம். சயாட்டிகாக்காரன் சட்டென்று திரும்ப முடியாது என்பது, நல்லவேளையாக, இன்னொரு காரணம்.

'நான்தான் அண்ணி' என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தாலி கட்டியவர் செத்த செய்தியை அவளிடம் இரண்டாம் முறை சொல்வதாக அது இருந்திருக்கும். தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, வாயைத் திறக்காமல், "ம்" என்றார்.

அது அண்ணனின் 'ம்'. பயிற்சிக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வேலை பழகிய காலத்திலிருந்து அவர் கேட்டு வளர்ந்த 'ம்'. அதற்குள் ஓர் அகராதியே இருந்தது. டீ சொல்லு என்றாலும் 'ம்'தான், இந்த ஆள் இந்த ஜென்மத்தில் லைசென்ஸ் வாங்கமாட்டான் என்றாலும் 'ம்'தான். சின்ன மாஸ்டருக்கு அது இவ்வளவு சுத்தமாக வரும் என்று அவருக்கே தெரியாது.

கதவுக்குப் பின்னால் நீளமாய் ஒரு மூச்சு. பிறகு நாற்காலி நகரும் சத்தம். அவ்வளவுதான்.

மறுநாளும் கேள்வி வந்தது. மறுநாளும் 'ம்' போனது. ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. பகலில் அண்ணி அவரைப் பார்த்தால், "கால் எப்படியிருக்கு தம்பி?" என்று சாதாரணமாகவே கேட்பாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பாள். எதுவும் நடக்காததுபோலத்தான். சாயங்காலம் இருட்டியதும் மட்டும் அந்தக் கதவு வேறு கதவாகிவிடும்.

சின்ன மாஸ்டர் இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாத விஷயம் என்று தோன்றவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. 'தினமும் அஞ்சாறு படிக்கு நான் எங்க அண்ணனா இருக்கேன்' என்று எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியும்?

ஆனால் மனைவிக்கு வேறொன்று கண்ணில் பட்டது.

"காலை அப்படி நீட்டி உக்காராதீங்க."

"ஏன்?"

"பெரியவர் அப்படித்தான் உக்காருவாரு. கழுத்தைக்கூட அப்படியே சாய்க்கிறீங்க. எனக்குப் பகீர்னுது."

"ஒரே ரத்தம், வேற எப்படி உக்காருவேன்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே ரத்தம்தானே ஓடுச்சு?"

அவர் காலை மடக்கிக்கொண்டார். வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. சில நாள் அவர் மேல்படியில் நின்று சாவியைத் தேடும்போது, ஒரு இழுப்பு மிச்சமிருக்கும். அவர் கால் நின்ற பிறகும் ஒரே ஒரு இழுப்பு. எதிரொலி என்று முடிவு கட்டினார். எதிரொலி சுவரிலிருந்து வரும். இது கீழ்ப்படியிலிருந்து வந்தது. அதைப் பற்றி மேலும் யோசிக்காமல் இருக்க அவருக்குக் கைவசம் ஒரு நல்ல வலி இருந்தது.

இந்த நேரத்தில்தான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். போனில் பார்த்ததையெல்லாம் படித்ததாகவும், படித்ததையெல்லாம் அனுபவித்ததாகவும் நினைத்துக்கொள்கிற ரகம்.

"மாமா, இந்த டாக்டருங்க உங்களை ஏமாத்துறாங்க. நம்ம ஊர்ல ஒருத்தர் இருக்காரு. கை வச்சாருன்னா நரம்பு பயந்து உள்ள போயிடும். ஒரே வாரம்."

"நரம்பு உள்ளதானே மாப்ள இருக்கு?"

"இன்னும் உள்ள, மாமா."

போனார்கள். கணவனும் மனைவியும் ஒரு வாரம் மச்சான் வீட்டில் தங்கினார்கள். எண்ணெய் போட்டு உருவுகிற அந்த மகான், தான் குணப்படுத்திய முதுகுகளின் படங்களைச் சுவர் முழுக்க மாட்டிவைத்திருந்தார். முகம் கிடையாது. வெறும் முதுகுகள். குப்புறப் படுத்திருந்த சின்ன மாஸ்டருக்கு, அத்தனை பேரும் தன்னிடம் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்பதுபோல் இருந்தது. "வலி வெளியே போறது தெரியுதா?" என்று மகான் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரியவில்லை என்றால் இன்னும் அழுத்துவார். ஆகவே தெரிந்தது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், உண்மையாகவே குறைந்தது. எண்ணெயோ, ஒரு வாரம் கார் சீட்டில் உட்காராததோ, ஊர் திரும்பியபோது சின்ன மாஸ்டர் மனுஷன் மாதிரி நடந்தார். டக், டக், டக் என்று படியேறினார்.

கதவு பேசவில்லை.

அவர் நின்றார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. கதவிடுக்கில் விழுந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல். அது நகரவில்லை. கேள்வியும் வரவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் மனைவி, "கீழ அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. குடுத்து விட்ட சாப்பாடு மூடினபடியே இருக்கு. கேட்டா பசியில்லங்கிறாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் சின்ன மாஸ்டர் முதல் படியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. நன்றாக இருந்த வலது காலை வேண்டுமென்றே இழுத்தார்.

டக். இழுப்பு. டக்.

"என்னங்க, இவ்வளவு லேட்டு?" குரல் லேசாக உடைந்திருந்தது.

"ம்."

அன்றிரவு கீழே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அண்ணி சாப்பிட்டிருந்தாள். சின்ன மாஸ்டருக்குத் தன்மீதே பெரிய மரியாதை ஏற்பட்டது. தியாகி என்ற சொல் மனத்தில் வந்து போனது. போகட்டும் என்று விடாமல் அதைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து உபசரித்தார்.

நடித்த காலுக்கு நடிப்பு தெரியாது. இடுப்பைக் கோணலாக வைத்து தினமும் படியேறியதில், உள்ளே போன நரம்பு வெளியே வந்து, யார் கூப்பிட்டது என்று விசாரித்தது. மருத்துவர் அனுப்பிய இடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபி பெண்ணுக்குப் புரியவேயில்லை.

"சார், இங்கேருந்து போறப்ப நல்லாத்தான் போறீங்க. மறுநாள் வர்றப்ப இழுத்துக்கிட்டு வர்றீங்க. நடுவுல என்னதான் பண்றீங்க?"

"படி ஏறுறேன்."

"எல்லாரும்தான் படி ஏறுறாங்க சார்."

"நான் கொஞ்சம் அக்கறையா ஏறுவேன்."

பிறகு முதுகுத்தண்டில் ஊசி. அது சில வாரம் நிம்மதி கொடுத்தது. அந்தச் சில வாரமும் படியில் நடிப்பு தொடர்ந்தது. பிறகு நடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எது தன் நொண்டல், எது அண்ணனின் நொண்டல் என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரு கட்டம் வந்தது. 'ம்' கூட, கேள்வி முடியும் முன்பே, அவர் அனுமதியில்லாமல் தானாகப் போகத் தொடங்கியது. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் அண்ணன் நின்று துலக்கினார்.

அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனார். அவர் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை வீணைபோல் மடியில் வைத்துக்கொண்டு பேசுபவர். ஒவ்வொரு எலும்பாக மீட்டி, மனித குலம் நான்கு காலிலிருந்து எழுந்து நின்ற வரலாற்றிலிருந்து தொடங்கினார். சின்ன மாஸ்டரின் முறை வருவதற்குள் நேரமாகிவிட்டது.

"எலும்புங்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது. மூணு வழி. பயிற்சி செஞ்சுக்கிட்டே காத்திருக்கலாம், நிறைய பேருக்குத் தானாவே சரியாகும். இன்னொரு ஊசி போட்டுப் பாக்கலாம். இல்ல, பிதுங்கினதை எடுத்துடலாம்."

"எடுத்தா நடை நேராயிடுமா?"

"பெரும்பாலும்."

"சத்தமே வராதா?"

"எதுல?"

"நடக்குறப்ப."

மருத்துவர் வீணையைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். "நான் காத்திருக்கேன் டாக்டர்" என்று சின்ன மாஸ்டர், ஏதோ போர்க்களத்துக்குப் போகிறவர் மாதிரி எழுந்தார். எழுந்திருக்க இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

அந்தக் காத்திருப்புக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முற்றுப்புள்ளி வைத்தார். அறுபது வயதுக்கு மேல் கார் கற்றுக்கொள்ள வந்தவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் உயிரோடு வீடு திரும்புவது அதனால்தான்.

"உராய்வு விசைங்கிறது என்னன்னா மாஸ்டர்..."

"சார், முன்னாடி பாருங்க. அந்தம்மா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு குறுக்க வருது. பிரேக்."

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"பிரேக் சார்!"

சின்ன மாஸ்டர் தன் வலது காலைத் தூக்கினார். தூக்கியதாக நினைத்தார். பாதம் எழவில்லை. விரல் நுனி பிரேக்குக்கு மேலே போவதற்குப் பதிலாக அடியில் போய் மாட்டிக்கொண்டது. கை பிரேக்கைப் பிடித்து இழுத்தார். கார் முக்கி முனகி நின்றபோது, சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகலாம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துத் திட்டிய திட்டில் இலக்கணப் பிழையே இல்லை.

"நீங்க போடுவீங்கன்னு இருந்தேன்" என்றார் தலைமையாசிரியர்.

"நான் போட்டேன் சார்."

"போட்டா ஏன் நிக்கல?"

சின்ன மாஸ்டர் குனிந்து பார்த்தார். பிரேக்குக்கு அடியில் ஒரு செருப்புக் கால் கிடந்தது. பழக்கப்பட்ட கால்தான். ஆனால் தன்னுடையது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

நிபுணர் இந்தமுறை வரலாறு சொல்லவில்லை. "குதிகால்ல நடங்க" என்றார். இடது கால் நடந்தது. வலது பாதம் தொப்பென்று விழுந்தது. நிபுணரின் முகம் மாறிவிட்டது.

"வலிக்காகக் காத்திருக்கலாம் மாஸ்டர். பலம் குறையும்போது காத்திருக்கக் கூடாது. தள்ளிப்போட்டா, பாதத்தைத் தூக்குற சக்தி திரும்பாமலே போயிடலாம். இந்த வாரமே முடிவு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியும் முடிவு சொல்லவில்லை. மனைவி பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் வெடித்தாள்.

"ஆபரேஷன்னா பயமா?"

"பயமெல்லாம் இல்ல."

"பின்ன என்ன? ஒரு உயிர் போயிருக்கும் அன்னிக்கு. அந்தக் காலை யாருக்காவது எழுதி வச்சிருக்கீங்களா?"

அவள் சும்மாதான் கேட்டாள். அவருக்கு அது சரியான இடத்தில் போய்த் தைத்தது. எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, கீழே இறங்கினார். வெயில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இருட்டிவிட்டால் கதவு மாறிவிடும்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நூலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். துணியையும் அகர வரிசையில் அடுக்குவாள்போல.

"உக்காருங்க தம்பி. கால் எப்படி?"

சின்ன மாஸ்டர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது. வரும் வழியில் தயாரித்த உரையைத் தொடங்கினார். மனித மனம் என்பது, இழப்பு என்பது, சில சமயம் நல்லெண்ணத்தால் செய்கிற தவறு என்பது... நான்காவது 'என்பது'வில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"அண்ணி, சாயங்காலம் படியில 'ம்' சொல்றது நான்தான். அண்ணன் இல்ல."

அண்ணி ஒரு துண்டை எடுத்து, உதறி, நான்காக மடித்தாள்.

"தெரியுமே."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. உங்க அண்ணன் பதில் சொல்ற ஆளா?"

சின்ன மாஸ்டருக்குப் புரியவில்லை. "அண்ணன் 'ம்'னு சொல்வாரே அண்ணி. நாள் முழுக்கச் சொல்வாரே."

துண்டு பாதி மடிப்பில் நின்றது. "உங்ககிட்ட 'ம்'னாவது சொல்வாரா?" என்று அண்ணி கேட்டாள். நிதானமாகத்தான் கேட்டாள். துண்டை மடித்து முடித்தாள். "நூலகத்துலயும் பேசக் கூடாது, வீட்டுலயும் பேச்சு கிடையாது. முப்பது வருஷம் தினமும் அந்தக் கதவுக்குப் பின்னால நின்னு, ஏன் லேட்டுன்னு கேட்டிருக்கேன் தம்பி. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பதில் வந்திருக்குமா? அன்னிக்குப் பழக்கத்துல கேட்டுட்டேன். பதில் வந்துச்சு. யார் சொன்னா என்ன, பதில் வந்துச்சேன்னு மறுநாளும் கேட்டேன்."

"அப்ப நான் நல்லா நடந்து வந்தப்போ ஏன் கேக்கல?"

"நேரா நடந்து வர்ற கொழுந்தனை 'என்னங்க'ன்னு கூப்பிட நான் என்ன பைத்தியமா? காலை இழுத்தாத்தான் எனக்கு ஒரு சாக்கு."

தியாகி சின்ன மாஸ்டர் இப்போது உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை, ஒரு பெரிய தியாகம் காற்று இறங்கிய டயர்போல் சப்பென்று படிந்தது. சிரிக்கலாமா என்று யோசித்தார்.

"நீங்க வேணும்னே இழுத்தது தெரியும்" என்றாள் அண்ணி. "அது தப்பு தம்பி. நானும் சொல்லாம இருந்தது தப்பு. போய் ஆபரேஷன் பண்ணிக்குங்க. ரோட்டுல நடக்கிறவங்களாவது நல்லா இருக்கட்டும்."

"அப்ப நீங்க? சாயங்காலம்?"

"எனக்கென்ன? அவர் வர்றப்ப கேப்பேன்."

"யார் வர்றப்ப?"

அண்ணி, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் எண்ணெய் தேய்க்கப் போயிருந்தீங்களே ஒரு வாரம். மேல்வீடு பூட்டிக் கிடந்துச்சு. அப்பவும் படியில சத்தம் வந்துச்சு. அதே நேரம், அதே இழுப்பு. கேட்டேன். பதிலே இல்ல." மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்துத் தட்டினாள். "அப்பத்தான் அது அவருன்னு நிச்சயமாச்சு."

"பயமா இல்லையா அண்ணி?"

"பயமா? எரிச்சலா இருக்கு. செத்தும் வாயைத் திறக்கல பாருங்க."

சின்ன மாஸ்டர் மேலே வந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மருத்துவமனைக்கு போன் போட்டார். யாரோ, 'லைன்லயே இருங்க' என்று சொல்லிவிட்டு ஒரு வயலினை வாசிக்கவிட்டுப் போனார்கள். மனைவி எதிரே நின்று, அவர் மனசு மாறிவிடாமல் காவல் காத்தாள். வெயில் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வயலின் முடிகிற வழியாக இல்லை.

கீழே, முதல் படியில், டக் என்றது.

பிறகு ஓர் இழுப்பு.

சின்ன மாஸ்டர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் எதிரே, தரையில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டக். இழுப்பு. அவசரமில்லாத நடை. கற்றுக்கொள்பவனின் நடை அல்ல, பழகியவரின் நடை.

"என்னங்க, இவ்வளவு லேட்டு?" என்றது அண்ணியின் குரல்.

"அக்கா யார்கிட்ட பேசுறாங்க?" மனைவி வாசல் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் இங்க இருக்கீங்களே?"

வயலின் நின்றது. "சார், செவ்வாய்க்கிழமை ஒரு இடம் இருக்கு. விட்டா மாசக் கடைசிதான்" என்றது போன்.

"செவ்வாயே போடுங்க" என்றார் சின்ன மாஸ்டர்.

கீழே கேள்வி இரண்டாம் முறை வந்தது. இந்தமுறை குரலில் கோபம் இருந்தது. அவர் தொண்டைக்குள் ஏதோ ஒன்று பழக்கதோஷத்தில் எழுந்து, உதட்டுவரை வந்து முட்டியது. சின்ன மாஸ்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அது அவரிடம் கேட்ட கேள்வி இல்லை.